ஆயுத பூஜை அன்று நான் கழுவிய வீடு

பொழிச்சலூரில் எங்கள் மனையில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ரப்பர் ட்யூபுடன் நான் நின்றிருந்தேன். என் எதிரே ஒரு வீடு படுத்துக் கிடந்தது.

தூண்கள் ஒரு வரிசை. உத்தரங்கள் ஒரு வரிசை. ஓட்டுக் கூரையைத் தாங்கும் சாய்ந்த கைமரங்கள் ஒரு பெரிய அடுக்கு. கதவு, ஜன்னல், பரண் பலகை எல்லாம் தனித்தனியாக. அத்தனையும் பர்மா தேக்கு. அத்தனையின் மீதும் சில மாதத் தூசி, ஒட்டடை, பக்கத்து வீட்டுக் கோழிகளின் எச்சம்.

அன்று ஆயுத பூஜை. கோவிந்து ஆசாரி தன் உளி, இழைப்புளி, ரசமட்டம் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். கொத்தனார் சிமெண்ட் சட்டியைக்கூடத் தேய்த்துக் கவிழ்த்திருந்தார். எனக்குத் திடீரென்று பக்தி பெருக்கெடுத்தது.

"ஏன் ஆசாரி, கரண்டிக்கும் சட்டிக்கும் பொட்டு வைக்கிறோம். இந்த மரங்கள் என்ன பாவம் செய்தன?" என்றேன்.

"கரெக்ட் சார். வுட்டா சாமி குத்தம் ஆய்டும்" என்றார் ஆசாரி.

காலை முழுக்க நாங்கள் அந்த வீட்டைக் குளிப்பாட்டினோம். நான் தண்ணீர் பீய்ச்சினேன். அவர் தேங்காய் நாரால் தேய்த்தார். பிறகு ஒவ்வொரு மரத்துக்கும் சந்தனம், குங்குமம். தேக்கு அன்றைக்குப் பளபளவென்று இருந்ததைச் சொல்லத்தான் வேண்டும். தலைக்கு மேலே தாழ்வாக விமானம் இறங்கியபோது, அதில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்திருந்தால் நிச்சயம் கும்பிட்டிருப்பார்கள்.

குரோம்பேட்டைக்குப் போய்ப் பொரி, கடலை, பூசணிக்காய் வாங்கிக்கொண்டு என் மனைவி தனம் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மரங்களைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. அப்புறம் அருகில் போய், ஒரு கைமரத்தைப் புரட்டிப் பார்த்தாள். இன்னொன்றைப் புரட்டினாள்.

"நம்பர்லாம் எங்கங்க?" என்றாள்.

நான் சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தேன். ஆசாரி ட்யூபைப் பார்த்தார். கழுவிய தண்ணீர் வாய்க்காலாக ஓடிப்போய் வேப்பமரத்தடியில் வெள்ளையாகத் தேங்கியிருந்தது. நான் ஒவ்வொரு மரத்திலும் சாக்பீஸால் எழுதியிருந்த நம்பர்கள் அத்தனையும் அந்தக் குட்டையில்தான் இருந்தன.

குவாட்டர்ஸ் பிள்ளை

இந்தக் கதை எங்கள் குடும்பத்தில் ஆண்டுக்கு ஒரு முறையாவது அரங்கேறும். கோமாளி வேஷம் எனக்குத்தான். மற்றவர்கள் சொல்லும்போது மேக்கப் கொஞ்சம் அதிகமாகிவிடுவதால், இந்த வாரம் நானே சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். கட்டிய வீட்டைப் பிரித்து எடுத்துப்போய் இன்னொரு இடத்தில் கட்டிப்பார் என்று பழமொழி சொன்னவர்கள் யாரும் சொல்லவில்லை. அவர்களுக்குப் புத்தி இருந்திருக்கிறது.

எனக்கு வீட்டைப் பற்றி எதுவுமே தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தாம்பரத்தில் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா ரயிலில் கார்டு. எங்களுக்கு வீடு என்றால் கதவில் எழுதிய நம்பர். அப்பாவுக்குப் பதவி உயர்வு வந்தால் நம்பர் மாறும். பாத்திரங்களைச் சாக்கில் கட்டி, தள்ளுவண்டியில் ஏற்றி, அடுத்த தெருவுக்குப் போய்ப் பால் காய்ச்சுவோம். எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு ஹால், ஒரே அளவு சமையலறை, சுவரில் ஒரே மஞ்சள் சுண்ணாம்பு.

அப்படி ஒரு முறை மாறிய பிறகு, பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் பழக்கதோஷத்தில் பழைய வீட்டுக்குள் போய்ச் சமையலறையில் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் தோசை போட்டார். இரண்டாவது தோசைக்குத் தொட்டுக்கொள்ள மிளகாய்ப் பொடி கேட்டபோதுதான் அது என் அம்மா இல்லை என்று கவனித்தேன்.

இப்படிப்பட்ட கூர்மையுள்ள பையன் வளர்ந்து பல்லாவரத்தில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் ஆனான். போல்ட், நட்டு, பேரிங், வாஷர் என்று அலமாரி அலமாரியாகச் சாமான். எல்லாவற்றுக்கும் நான் போட்ட நம்பர். இருட்டில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பேன் என்று கேன்டீனில் சவால் விடுவேன். உலகத்தில் எந்தப் பொருளுக்கும் ஒழுங்காக ஒரு நம்பர் போட்டுவிட்டால் அதற்கு மேல் பிரச்சினையே இல்லை என்பது என் சித்தாந்தம்.

"நெலம் உங்களுக்கு, வூடு எனக்கு"

தனத்தின் குடும்பம் குரோம்பேட்டையின் பழைய ஊர்க்காரர்கள். ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம் அவர்களுடையது. பிறகு அதில் மனைகள் விளைந்தன. ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, அவளுடைய கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு இருந்தது. முற்றத்தைச் சுற்றித் தூண்கள், மேலே பரண், சீமை ஓடு. தெருவில் அதைத் தேக்கு வூடு என்றுதான் சொல்வார்கள்.

ஒரு முறை கட்டடக்கலை படிக்கும் மாணவர்கள் வந்து ஃபோட்டோ எடுத்து, இது ஹெரிட்டேஜ் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து மழையில் ஒழுகும் இடத்தில் அண்டாவை வைக்கும்போதெல்லாம் என் மாமனார், "ஹெரிட்டேஜ் ஒழுவுது, அண்டா எடுத்தா" என்பார்.

மாமியார் எங்கள் கல்யாணத்துக்குச் சில வருடங்கள் கழித்துப் போய்விட்டார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாமனாரும் போனார். அடுத்த ஆண்டே அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்ட ஒரு பில்டர் வந்து நின்றார். பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்திருந்த காலம்தான். ஆனால் அதற்கு முன்பே கல்யாணம் ஆகிப் போன பெண்ணுக்கு அது கிடையாது என்று ஊர்ப் பெரியவர்கள் தெளிவாக விசாரித்து வைத்திருந்தார்கள். இந்த மாதிரி விஷயங்களை அவர்கள் எப்போதும் தெளிவாக விசாரித்து வைத்திருப்பார்கள்.

பங்கு பிரித்த ஞாயிற்றுக்கிழமை தேக்கு வீட்டு முற்றத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். தனத்தின் அண்ணன் ஏழுமலை நல்ல மனிதர். ஆனால் தான் நல்ல மனிதர் என்பது அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். தம்பி பூபாலன் எதற்கும் சிரித்துக்கொண்டே இருப்பான்.

"உனக்கு நகை போட்டு நல்லபடியா கட்டிக் குடுத்தாச்சு தனம்" என்றார் ஏழுமலை. "இருந்தாலும் கேளு. இன்னா வோணும், சொல்லு."

"நெலம் நீங்க ரெண்டு பேரும் வச்சிக்கோங்கண்ணா. வூடு எனக்கு" என்றாள் தனம்.

எல்லாரும் சிரித்தார்கள். "வூடு நெலத்து மேலதானேம்மா கீது?" என்றார் ஒரு பெரியவர்.

"எடுத்துக்கினு போறேன்."

சிரிப்பு நின்றது. தனம் கையைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றாள். அவள் அப்படி நின்றால் வாதாடிப் பயனில்லை என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்போதுதான் என் நாக்கில் சனி உட்கார்ந்தது.

"எடுத்துக்கலாமே. எல்லாம் மரம்தானே. நம்பர் போட்டுக் கழற்றினால், நம்பர் பார்த்து மாட்டிவிடலாம்" என்றேன்.

"மாமா, இது நட்டு, போல்ட் இல்ல" என்றான் பூபாலன்.

"தத்துவம் ஒன்றுதான்" என்றேன். இந்த வாக்கியத்தை இன்று வரை பூபாலன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிக் காட்டுகிறான்.

ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி மாப்ளே. ஆடி பொறக்கறதுக்குள்ள எடுத்துக்கினு போய்டணும். ஆவலன்னா பழைய மரக்கடைக்காரன் வந்து மொத்தமா அள்ளிக்கினு பூடுவான். அப்பறம் என்னைக் கேக்கக் கூடாது."

ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது தனத்திடம் கேட்டேன்: "நிஜமாவே அந்த வீடு வேணுமா? இல்ல கோபத்துல சொன்னியா?"

"கோபந்தான்" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "நான் அங்க பொறந்தவதான்னு சொல்றதுக்கு எதுனா ஒண்ணு என்கிட்ட இருக்கணும். அவ்ளோதான். அது மரக்கடைக்குப் போச்சுன்னா எனக்கு அங்க எதுவுமே இல்லாம பூடும்" என்றாள். நான் ஸ்கூட்டரை ஓட்டுவதில் கவனமாக இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது.

பின்னால் நகர்ந்த பிள்ளையார்

கட்டடத்தை இடம் மாற்றியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தேன். எங்கள் பக்கத்தில் அந்த அனுபவம் உள்ளவர் ஒருவர்தான். அவர் பிள்ளையார்.

ஜி.எஸ்.டி. ரோடு அகலமாக அகலமாக, ஓரத்தில் இருந்த ஒரு சின்னக் கோயில் பின்னால் நகர்ந்துகொண்டே போனது. முதலில் புளியமரத்தடியில் இருந்தார். பிறகு சைக்கிள் கடை பக்கம் வந்தார். கடைசியாக ஒரு கல்யாண மண்டபத்தின் காம்பவுண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். நல்ல சாப்பாட்டு வாசனை உள்ள இடம் என்பதால் அதற்கு மேல் நகரமாட்டார் என்று எங்கள் அனுமானம்.

அந்தக் கோயில் குருக்களிடம் யோசனை கேட்டேன். சாமியை நகர்த்தும் முன் கலசத் தண்ணீரில் சக்தியை இறக்கி, அதைத்தான் முதலில் கொண்டுபோவார்களாம். கல் பிறகு வருமாம். இதைத் தனத்திடம் சொன்னது என் தவறு. அவள் உடனே தேக்கு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பித்தளைச் செம்பில் எடுத்து, மாவிலை சொருகி, கற்பூரம் காட்டி, "மொதல்ல இது போகட்டும்" என்று ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறிவிட்டாள்.

நாகல்கேணியில் வேகத்தடை இருப்பது எனக்குத் தெரியும். அன்று மட்டும் அது கண்ணுக்குத் தெரியவில்லை. வீட்டின் உயிரில் பாதி என் முதுகில் கொட்டியது. பம்மலில் ஒரு மாட்டுக்கு வழி விட்டதில் இன்னும் கொஞ்சம் போனது. பொழிச்சலூர் மனைக்கு வந்து சேர்ந்தபோது செம்பில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. தனம் அதை ஈசானிய மூலையில் ஊற்றிவிட்டு, என் சட்டையைக் கழற்றச் சொல்லி, அதையும் அங்கேயே பிழிந்தாள்.

சாக்பீஸ் சாஸ்திரம்

தேக்கு வீட்டின் முழுப் படத்தையும் ஒரு பெரிய சார்ட்டில் வரைந்தேன். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நம்பர். சமையல்கட்டுக் கைமரம் நாலு என்றால் ச.கை.4. முற்றத்துத் தூண் ஏழு என்றால் மு.தூ.7. ஏணியில் ஏறி, தலைகீழாகத் தொங்காத குறையாக, எல்லா மரத்திலும் நம்பர் எழுதினேன். மொட்டைத்தலையில் ஓட்டுத் தூசியுடன் இறங்கி வந்த என்னைப் பார்த்து எதிர்வீட்டுக் குழந்தை அழுதது.

கோவிந்து ஆசாரி கீழே நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"நம்பரு எதுக்கு சார் வீணா? எல்லாம் என் மண்டையில கீது" என்றார்.

"அதெல்லாம் நம்ப முடியாது ஆசாரி."

"அப்ப பெயிண்ட்லயாச்சும் எழுது சார்."

"பெயிண்ட் பட்டால் தேக்கின் அழகு கெட்டுவிடும்" என்றேன். தொழிற்சாலையில் நான் பெயிண்டைத் தவிர வேறு எதிலும் நம்பர் போட்டதில்லை. ஆனால் ஹெரிட்டேஜ் என்ற சொல் என் தலைக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது.

ஆடி பிறப்பதற்குள் கூரையும் சட்டமும் இறங்கிவிட்டன. டிராக்டரில் நடை நடையாக ஏற்றிப் பொழிச்சலூர் மனையில் அடுக்கினோம். கடைசி நடை கிளம்பியபோது ஏழுமலை வந்து நின்று, கூரையில்லாத சுவர்களைப் பார்த்துவிட்டுப் போனார். ஆவணியில் நல்ல நேரம் பார்த்து மனையில் வாசல்நிலை வைத்தோம். அதே அளவுகளில் சுவர் எழும்பியது. புரட்டாசிக் கடைசியில் கூரை ஏற்ற வேண்டும், ஐப்பசி மழைக்குமுன் ஓடு போட்டுவிட வேண்டும் என்பது திட்டம்.

அந்தத் திட்டத்தின் நடுவில்தான் ஆயுத பூஜை வந்தது.

மண்டையில் இருந்தது

நம்பர் கரைந்த அதிர்ச்சியிலிருந்து முதலில் மீண்டவன் நான். "ஆசாரி, எல்லாம் மண்டையில் இருக்கிறது என்றீர்களே?" என்றேன்.

ஆசாரி தலையைச் சொறிந்தார். "இருந்துச்சு சார். ஆனா நீ நம்பரு போட்டப்பறம், சரி, அது பாத்துக்கும்னு வுட்டுட்டேன்."

மில்லில் அறுத்த மரம் என்றால் எதை எங்கே வைத்தாலும் பொருந்தும். இது கையால் இழைத்த வீடு. ஒரு கைமரம் இன்னொன்றின் இடத்தில் உட்காராது. ஒன்று நீளும், ஒன்று கோணும், ஒன்றின் முனை இன்னொன்றின் துளைக்குள் நுழையாது. சார்ட் சுவரில் அழகாகத் தொங்கியது. மரங்கள் கீழே அழகாகக் கிடந்தன. இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன்.

ஏற்றிப் பார்த்து, இறக்கிப் பார்த்து, ஆட்கள் சோர்ந்துபோனார்கள். ஒரு தூணை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, நான் எட்டி நின்று "கொஞ்சம் இடது" என்பேன். அது வேறு அறைத் தூணாக இருக்கும். அதற்குள் தூறல் ஆரம்பித்துவிட்டது. தார்ப்பாய் போட்டு மூடினோம். மூடிய மரத்தில் ஓரமாகப் பூஞ்சை வரத் தொடங்கியது.

பழைய மரக்கடைக்காரர் எப்படியோ மோப்பம் பிடித்து மொபெட்டில் வந்துவிட்டார். தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பார். வெற்றிலை போடுவார். "ஒண்ணும் அவசரம் இல்ல சார். நெனஞ்சாலும் வாங்கிக்கிறேன்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார். மறுநாளும் வருவார்.

ஒரு நாள் மழை நன்றாகவே பிடித்துக்கொண்டது. கூரையில்லாத சுவர்களுக்குள் தண்ணீர் தேங்கியது. நான் தனத்திடம் போய், "அவரிடமே கொடுத்துவிடலாமா? அந்தச் சுவர் மேல் ஷீட் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வருஷம் தளம் போடலாம்" என்றேன்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அழவும் இல்லை. மழை விட்டதும் புடவையைச் சொருகிக்கொண்டு, தார்ப்பாயை விலக்கி, மர அடுக்கின் நடுவே குனிந்தாள். ஒரு கைமரத்தின் மேல் மூக்கை வைத்தாள்.

சரி, முடிந்தது, என் சாக்பீஸ் மூளையால் இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"இது சமையக்கட்டு" என்றாள்.

"எப்படிச் சொல்றே?"

"மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். எனக்கு ஈர மரமும் என் கைங்கரியமான சந்தனமும் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவள் போய்க்கொண்டே இருந்தாள். விறகுப் புகை ஊறியதெல்லாம் சமையல்கட்டு. புளியும் வெல்லமும் கலந்த வாசனை வந்தது சாமான் அறை. கற்பூரமும் எண்ணெய்ப் பிசுக்கும் சாமி அறை. சாக்பீஸ் போன இடத்தில் தேங்காய் நாருக்கு மசியாத ஒன்று மிச்சம் இருந்திருக்கிறது. ஆசாரி பின்னாலேயே ஓடி ஓடிச் சேர்த்து அடுக்கினார்.

மாலைக்குள் பாதி வீடு அறை அறையாகப் பிரிந்துவிட்டது. மீதிப் பாதியின் முன்னால் தனம் நின்றுவிட்டாள்.

"இது எனக்குத் தெரியலங்க. முன் ரூம்புல ஆம்பளைங்கதான் உக்காருவாங்க. காபி குடுத்துட்டு வந்துடுவோம். பரண் மேல பொண்ணுங்கள ஏறவே வுடமாட்டாங்க."

"உங்கண்ணனைக் கேட்கலாமா?"

"நான் போய்க் கேக்க மாட்டேன்" என்றாள்.

மாலதி

ஆகவே நான் போனேன். ஃப்ளாட் கட்டி முடியும் வரை ஏழுமலையும் பூபாலனும் குரோம்பேட்டையிலேயே ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். "ஒரு சின்ன டவுட்டு, மச்சான்" என்று ஆரம்பித்தேன். முழுவதையும் சொல்லி முடித்தபோது இருவரும் சேரிலிருந்து சரிந்துகொண்டிருந்தார்கள்.

"யாரு, நீயே கழுவிட்டியா? உன் கையாலயா?" என்று ஏழுமலை சிரித்துச் சிரித்து இருமினார். அவர் மனைவி, தனத்துக்கு அண்ணி, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவரும் சிரித்தார். சுவர்ப் பல்லிகூடச் சத்தம் போட்டது.

சிரித்து முடித்ததும் ஏழுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இரு, சட்டை போட்டுக்கினு வரேன்" என்றார்.

ஏழுமலைக்குத் தெரிந்தது ஆணிகள். ஒரு தூணைத் தடவி, "இது கொசுவலை கட்ட அப்பா அடிச்ச ஆணி. முன் ரூம்பு, ஜன்னல் பக்கம்" என்பார். ஒரு சட்டத்தில் விரலை வைத்து, "காலண்டர்" என்பார். பூபாலனுக்குத் தெரிந்தது பரண். படிக்கிற காலத்தில் படிப்பு தவிர மற்ற எல்லாவற்றையும் அவன் அங்கேதான் செய்திருக்கிறான். காற்றாடிக்கு மாஞ்சா போட்ட நூல் அறுத்த தடம், தீக்குச்சி கிழித்த தடம், எல்லாம் வைத்துக் கைமரங்களை அடையாளம் சொன்னான். ஒரு கைமரத்தில் காம்பஸால் ஆழமாகக் கீறி மாலதி என்று எழுதியிருந்தது. பூபாலனின் மனைவி பெயர் சரஸ்வதி.

"மாமா, இந்த மரத்த மட்டும் எழுத்து மேல் பக்கம் வர்ற மாதிரி திருப்பிப் போடு" என்றான்.

"பொருந்தாது சார்" என்றார் ஆசாரி. "எழுத்து கீழதான் வரும்."

எல்லாம் இனிப்பாகப் போனது என்று நினைத்துவிட வேண்டாம். அண்ணனும் தங்கையும் ஒரு தூணுக்காகச் சண்டை போட்டார்கள். அதில் கடிகாரம் மாட்டியிருந்தது, அது முன் அறை என்றார் அண்ணன். இல்லை, அதில் கட்டியிருந்தது மோர் கடையும் கயிறு, அது சமையல்கட்டு வாசல் என்றாள் தங்கை.

"எனக்குத் தெரியாதா? நான் அந்த வூட்ல உன்னவிட முன்னாடி பொறந்தவன்" என்றார் ஏழுமலை.

"பொறந்தா போதுமா? நீ முன் ரூம்புல உக்காந்துக்கினு சோறு கொண்டான்னு கத்துவே. அடுப்பங்கரைப் பக்கம் ஒரு நாளாவது வந்திருக்கியாண்ணா? அம்மா எங்க நின்னு மோர் கடைஞ்சாங்கன்னு உனக்கு இன்னா தெரியும்?"

ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஏழுமலைக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. தனம் ஒதுக்கி வைத்திருந்த சமையல்கட்டு மரங்களிடம் போய், சிரமப்பட்டுக் குனிந்து, ஒரு கைமரத்தை மோந்து பார்த்தார். இன்னொரு முறை மோந்தார்.

"அம்மா புடவை" என்றார்.

அப்புறம் அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தனம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவசரமாக ஆசாரியின் பக்கம் திரும்பி, "என்ன வேடிக்கை, டீ வாங்கிட்டு வாங்க" என்று அதட்டினேன். ஆசாரி, "நீயே வாங்கிக்கினு வா சார், நான் பாத்துக்கினு கீறேன்" என்றார். நான்தான் போனேன்.

ஓடு போட்ட வீடு

தீபாவளிக்கு முந்தின நாள் கடைசி ஓடு ஏறியது. மரக்கடைக்காரர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லா வந்துச்சு" என்று உண்மையிலேயே சந்தோஷப்பட்டு, மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போனார்.

வீடு அப்படியே வந்துவிட்டதா என்றால், இல்லை. ஒரு ஜன்னலைத் திறந்தால் குளியலறைச் சுவர் தெரியும். ஒரு தூண் குட்டையாகிவிட்டது. அதற்குக் கீழே கருங்கல் வைத்துச் சமாளித்திருக்கிறோம். எல்லாம் மாட்டி முடித்த பிறகு ஒரு முழுக்கதவு மிச்சம் இருந்தது. எந்த வாசலுக்கும் சேராத கதவு. அதைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு எடுத்துப் போனேன். சாயங்காலம் வரை என்னையும் கதவையும் எல்லாரும் பார்த்தார்கள், யாரும் வாங்கவில்லை. திரும்பக் கொண்டுவந்து, கால் வைத்து, சாப்பாட்டு மேஜை ஆக்கினோம். பூட்டு மாட்டும் கொண்டியில் விருந்தாளிகள் முழங்கையை இடித்துக்கொள்வார்கள்.

மாலதி கூடத்திலேயே, உட்கார்ந்தால் கண்ணில் படும் இடத்தில் வந்துவிட்டாள். சரஸ்வதி முதல் நாளே படித்துவிட்டாள். அந்த விவகாரம் நீண்டது; அதை எழுத எனக்கு அனுமதி இல்லை.

கிரகப்பிரவேசத்துக்கு அண்ணனும் தம்பியும் பிறந்த வீட்டுச் சீர் கொண்டுவந்தார்கள். புடவை, வேட்டி, குத்துவிளக்கு, ஒரு தார் வாழைப்பழம். வாசலில் தாம்பாளத்துடன் நின்ற ஏழுமலை, உள்ளே வராமல் நிலையையே பார்த்துக்கொண்டு நின்றார். தனம் குங்குமம் நீட்டி, "வாங்கண்ணா" என்று இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

அதற்கு அடுத்த வருடம் ஃப்ளாட் தயாராகி அண்ணனும் தம்பியும் குடி போனார்கள். மொசைக் தரை, கிரில் போட்ட பால்கனி, வாசலில் வாட்ச்மேன். ஏழுமலைக்குப் பெருமைதான். ஆனால் மாதத்துக்கு ஒரு முறையாவது பொழிச்சலூருக்கு வந்துவிடுவார். பம்மலில் ஒரு வேலை இருந்தது, அப்படியே வந்தேன் என்பார். பம்மலில் அவருக்கு என்ன வேலை என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. வந்தவர் முன் அறையில் உட்காரமாட்டார். நேராகச் சமையல்கட்டுக்குப் போய், பலகையை இழுத்துப் போட்டுக்கொள்வார். தனம் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள்.

ஒரு காணும் பொங்கல் அன்று, அவரையும் அண்ணியையும் சாப்பிடக் கூப்பிடலாம் என்று நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குரோம்பேட்டைக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. வாட்ச்மேன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வேலைக்குப் புதிது.

"ஸார்வாள் இப்பத்தான் கெளம்புனாக. அம்மா வீட்டுக்குப் போறோம்னு சொன்னாக" என்றார்.

பெண்கள் சொல்லித்தான் அந்த வார்த்தையை நான் கேட்டிருக்கிறேன். அண்ணியின் அம்மா வீடாக இருக்கும் என்று நினைத்து, "அந்தம்மாவோட அம்மா வீட்டுக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல, ஸார்வாளோட அம்மா வீடாம். அவுகளேதான் சொன்னாக." பிறகு வாட்ச்மேன் கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இந்த வயசுலயும் அவுகளுக்கு அம்மா இருக்காகளா ஸார்?"

நான் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினேன்.

"இருக்காங்க" என்றேன். "பொழிச்சலூர்ல."